அண்டை வீட்டார் வீடு கட்டும்போது: உமர் (ரலி) அவர்களின் வாழ்வு தரும் பாடம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் கையிலெடுக்கிற வேலைகளில் மிகப் பெரியது வீடு கட்டுவது. வெளிநாட்டு வெயிலில் பல வருடம் நின்று சேர்த்த காசு அதில் போகிறது. மனைவியின் நகை போகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மேலே ஓர் அறையாவது போட்டால்தான் சமாளிக்க முடியும் என்ற நிலையில்தான் பெரும்பாலோர் துணிந்து இறங்குகிறார்கள். வரைபடம் போடுகிறார்கள், அனுமதிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அப்போது முதல் தடை எங்கிருந்து வருகிறது? பல இடங்களில் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. ஒருவர் ஆட்சேபனை மனு எழுதுகிறார். அதைத் தெருவில் கொண்டுபோய் நான்கு பேரிடம் கையெழுத்து வாங்குகிறார். கையெழுத்துப் போடுகிறவர்களில் பலருக்கு அந்த வீட்டால் தமக்கு என்ன கெடுதி என்றே தெரியாது. கேட்டார், போட்டோம் என்பார்கள்.

அந்த ஆட்சேபனைகளில் நியாயமானவையும் உண்டு. வெறும் மனக்கசப்பில் பிறந்தவையும் உண்டு. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பக்கத்து வீட்டார் கட்டும்போது ஒரு முஃமின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி இன்று அமீருல் முஃமினீன் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பார்க்கப் போகிறோம். அவர்களுடைய வீரத்தையும் எளிமையையும் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். வீடு, சுவர், வாய்க்கால், மாடி, தெரு என்று அவர்கள் தீர்த்து வைத்த அண்டை வீட்டு வழக்குகளைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை.

முறை வைத்துச் சென்ற அண்டை வீட்டார்

உமர் (ரலி) அவர்கள் மக்காவில் குறைஷிக் குலத்தின் பனூ அதீ கிளையில் பிறந்தவர்கள். நபித்துவத்தின் 6-ஆம் ஆண்டையொட்டி இஸ்லாத்தை ஏற்றார்கள். பிறகு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தார்கள். மக்காவில் இருந்த வீடும் சொத்தும் அங்கேயே நின்றுவிட்டன. மதீனாவுக்கு வந்த முஹாஜிர்கள் அனைவருக்கும் அதே நிலைதான். அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர்கள் அன்ஸாரிகள். தங்கள் தோட்டத்தையும் வீட்டையும் பங்கிட்டுக் கொடுக்க முன்வந்தார்கள். மதீனாவின் சமூகம் இப்படி இடம் கொடுத்ததில்தான் தொடங்கியது.

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில், பனூ உமய்யா இப்னு ஜைத் என்ற அன்ஸாரிக் குடும்பத்தார் வாழ்ந்த இடத்தில் குடியிருந்தார்கள். மஸ்ஜிதுந் நபவியிலிருந்து அது சற்றுத் தொலைவு. அங்கே அவர்களுக்கு ஓர் அன்ஸாரி அண்டை வீட்டார் இருந்தார். இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருநாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் செல்வார், அடுத்த நாள் அவர் செல்வார். சென்றவர் அன்று இறங்கிய வஹீயையும் கேட்ட செய்திகளையும் வந்து மற்றவருக்குச் சொல்வார். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. உமர் (ரலி) அவர்களின் கல்வியில் பாதி பக்கத்து வீட்டார் வழியாக வந்து சேர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. அண்டை வீட்டாரை நம்பி வாழ்ந்த அனுபவம் அவர்களுக்கு ஆட்சிக்கு வருவதற்கு முன்பே இருந்தது.

அந்த மதீனா வாழ்க்கையில் நபி (ஸல்) அவர்கள் கட்டடம் சம்பந்தமாகச் சில வழிகாட்டுதல்களைத் தந்தார்கள். ஒருவர் தன் அண்டை வீட்டாரின் சுவரில் உத்திரக் கட்டையைப் பதிக்க வேண்டியிருந்தால், சுவருக்குச் சொந்தக்காரர் தடுக்கக் கூடாது என்றார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் பின்னாளில் இந்த ஹதீஸைச் சொன்னபோது மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதைக் கண்டு அவர்கள் கடிந்துகொண்டதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. தன் சுவரில் இன்னொருவர் கை வைப்பதை மனம் லேசில் ஏற்காது என்பது அன்றும் அப்படித்தான்.

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் சுவருக்குச் சேதம் இல்லாதபோது இப்படி இடம் கொடுப்பதைக் கட்டாயம் என்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் மாலிக் (ரஹ்) ஆகியோர் இது மிகவும் விரும்பத்தக்க நற்செயல் என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடமிருந்து இரண்டு கருத்துகளும் வந்துள்ளன. கட்டாயமா, விருப்பத்திற்குரியதா என்பதில்தான் பேச்சு. தடுப்பது நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வயிற்றின் மேல் ஓடினாலும் சரி

ஹிஜ்ரி 13-இல், அதாவது கி.பி. 634-இல், உமர் (ரலி) அவர்கள் கலீஃபா ஆனார்கள். அவர்களுடைய ஆட்சிக் காலத்தில் வந்த ஒரு வழக்கை இமாம் மாலிக் (ரஹ்) தம்முடைய முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

தஹ்ஹாக் இப்னு கலீஃபா என்ற நபித்தோழர், மதீனாவை அடுத்த உரைழ் என்ற இடத்திலிருந்து தம்முடைய நிலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார். அது முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களின் நிலத்தின் வழியாகப் போக வேண்டியிருந்தது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். வாய்க்காலால் உங்களுக்கும் லாபம்தானே, முதலிலும் நீங்கள் பாய்ச்சிக்கொள்ளலாம், கடைசியிலும் பாய்ச்சிக்கொள்ளலாம், உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே என்று தஹ்ஹாக் எடுத்துச் சொன்னார். அப்போதும் மறுப்புதான்.

வழக்கு கலீஃபாவிடம் வந்தது. முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) சாதாரணமான ஆள் இல்லை. பத்ருப் போரில் கலந்துகொண்டவர், உமர் (ரலி) அவர்கள் முக்கியமான பொறுப்புகளை நம்பி ஒப்படைத்தவர்களில் ஒருவர். உமர் (ரலி) அவரை அழைத்து, வாய்க்காலுக்கு வழிவிடச் சொன்னார்கள். அவர் முடியாது என்றார். உன் சகோதரனுக்குப் பலன் தருவதை, உனக்கும் பலன் தருவதை, உனக்கு எந்தத் தீங்கும் செய்யாததை ஏன் தடுக்கிறாய் என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் மீது ஆணையாக முடியாது என்று மீண்டும் சொன்னார். அதற்கு உமர் (ரலி) அவர்களும் சத்தியமிட்டு, உன் வயிற்றின் மேல் ஓட வேண்டியிருந்தாலும் அந்த வாய்க்கால் ஓடியே தீரும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வாய்க்கால் ஓடியது.

இதே போன்ற இன்னொரு வழக்கு. அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஒருவருடைய தோட்டத்தின் வழியே ஒரு வாய்க்கால் உரிமை இருந்தது. அதை அதே தோட்டத்தின் வேறொரு ஓரத்துக்கு, தம் நிலத்துக்குப் பக்கமாக மாற்றிக்கொள்ள விரும்பினார்கள். தோட்டக்காரர் தடுத்தார். அங்கும் உமர் (ரலி) மாற்றிக்கொள்ள அனுமதித்துத் தீர்ப்பளித்தார்கள்.

இந்தத் தீர்ப்புகளில் உமர் (ரலி) வைத்த அளவுகோல் என்ன? நிலம் யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. முஹம்மத் இப்னு மஸ்லமாவுக்குச் சொந்தமானதுதான். ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல. இதனால் உனக்கு என்ன கெடுதி என்று கேட்டார்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தச் சபையில் பதிலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

தெருவின் அகலம் ஏழு முழம்

கண்ணியத்திற்குரியவர்களே! அண்டை வீட்டார் என்ன கட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. உமர் (ரலி) அவர்களுடைய காலத்தில் பஸரா, கூஃபா, ஃபுஸ்தாத் என்று புதிய நகரங்கள் எழுந்தன. நகரம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அவர்கள் சட்டம் வகுத்தார்கள்.

ஹிஜ்ரி 17-இல் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் தலைமையில் கூஃபா உருவானது. மஸ்ஜிதுக்குரிய இடத்தின் நடுவில் ஒரு வில்லாளியை நிறுத்தி நான்கு பக்கமும் அம்பு எய்யச் சொன்னார்கள். அம்புகள் விழுந்த இடங்களுக்கு அப்பால்தான் வீடுகள் கட்டலாம். உள்ளே இருக்கிற வெளி எல்லாருக்கும் பொதுவானது. பெரிய வீதிகள் 40 முழம், அடுத்தவை 30 முழம், அதற்கடுத்தவை 20 முழம் என்று அளவு வைத்தார்கள். சிறு சந்துகள் 7 முழம், அதற்குக் கீழே போகக் கூடாது. 40 முழம் என்றால் ஏறத்தாழ 60 அடி. இன்றைக்கும் நம் ஊர்களில் எத்தனை தெருக்கள் 60 அடி அகலம் இருக்கின்றன?

அந்த 7 முழம் என்பது சும்மா வந்த கணக்கு இல்லை. பாதையின் அகலத்தில் மக்கள் கருத்து வேறுபட்டால் 7 முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள்.

ஆரம்பத்தில் கூஃபாவின் வீடுகள் நாணலால் ஆனவை. தீப்பிடித்துப் பல வீடுகள் எரிந்துபோயின. மக்கள் மண் செங்கல் வைத்துக் கட்ட அனுமதி கேட்டு மதீனாவுக்கு ஆளனுப்பினார்கள். உமர் (ரலி) அனுமதித்தார்கள். மூன்று அறைகளுக்கு மேல் வேண்டாம், அளவுக்கு மீறி உயர்த்த வேண்டாம் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். எரிந்துபோன வீட்டுக்காரனின் தேவையையும் பார்த்தார்கள், பெருமைக்காகக் கட்டும் போட்டி தொடங்கிவிடக் கூடாது என்பதையும் பார்த்தார்கள்.

கூஃபாவின் ஆளுநர் ஸஅத் (ரலி) அவர்கள் தங்களுடைய மாளிகைக்கு ஒரு கதவு வைத்தார்கள். கடைவீதியின் இரைச்சல் தாங்காமல் வைத்த கதவு. ஆனால் அந்தக் கதவு மக்களுக்கும் ஆளுநருக்கும் நடுவில் தடையாக நிற்கிறது என்ற செய்தி மதீனாவுக்குப் போனது. உமர் (ரலி) ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் கூஃபாவுக்கு வந்து, விறகு வாங்கி, அந்தக் கதவை எரித்துவிட்டுத் திரும்பினார். அந்த ஆள் யார் தெரியுமா? வாய்க்கால் வழக்கில் தோற்ற அதே முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்கள்தான். ஒரு வழக்கில் தமக்கு எதிராகத் தீர்ப்பளித்த கலீஃபாவுக்கு அவர்கள் நம்பிக்கைக்குரியவராக இருந்தார்கள். கலீஃபாவும் தம் முகத்துக்கு நேராக மறுத்துப் பேசியவரை ஒதுக்கி வைக்கவில்லை. வழக்கு வழக்கோடு இருந்தது, உறவு உறவோடு இருந்தது. நம் தெருக்களில் ஒரு சுவருக்காகத் தொடங்கிய வழக்கு இரண்டு தலைமுறைக்கு ஸலாம் சொல்லாமல் போவதோடு முடிகிறதே!

ஃபுஸ்தாத்தின் மாடி அறை

இப்போது இன்றைய தலைப்புக்கு மிக நெருக்கமான சம்பவத்துக்கு வருவோம்.

எகிப்து வெற்றி கொள்ளப்பட்ட பிறகு அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் ஃபுஸ்தாத் நகரை அமைத்தார்கள். இன்று அது கெய்ரோவின் பழைய பகுதியாக இருக்கிறது. வீடுகள் எல்லாம் தாழ்வானவை. அங்கே காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) என்ற நபித்தோழர் தம் வீட்டின் மேல் ஒரு மாடி அறை கட்டினார். ஃபுஸ்தாத்தில் எழும்பிய முதல் மாடி அறை அதுதான் என்று சொல்வார்கள்.

காரிஜா (ரலி) யார்? உமர் (ரலி) அவர்களின் சொந்தக் கிளையான பனூ அதீயைச் சேர்ந்தவர். எகிப்தில் காவல் பொறுப்பு வகித்தவர். செல்வாக்குள்ளவர், கலீஃபாவுக்குச் சொந்தக்காரர். மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடுகளின் முற்றம் தெரியும், பெண்களின் அந்தரங்கம் கெடும் என்ற புகார் கலீஃபாவின் காதுக்கு எட்டியது.

இந்தச் சம்பவத்தை எகிப்தின் வரலாற்றை எழுதிய இப்னு அப்தில் ஹகம் பதிவு செய்திருக்கிறார். இடித்துவிடும்படி கலீஃபா எழுதினார்கள் என்று ஓர் அறிவிப்பு இருக்கிறது. இன்னோர் அறிவிப்பு இன்னும் விரிவானது. அதில் உமர் (ரலி) அவர்கள் அம்ருக்கு ஒரு பரிசோதனை செய்யச் சொல்லி எழுதுகிறார்கள். காரிஜாவின் மாடி அறைக்குள் போ. அங்கே ஒரு கட்டிலைப் போடு. அதிக உயரமும் இல்லாத, குட்டையும் இல்லாத ஒரு மனிதனை அதன் மேல் நிற்க வை. அந்த ஜன்னல் வழியாக அவனால் வெளியே எட்டிப் பார்க்க முடிந்தால் இடித்துவிடு. அம்ர் (ரலி) அப்படியே செய்தார்கள். அந்த மனிதனின் தலை ஜன்னலுக்கு எட்டவில்லை. மாடி அறை அப்படியே விடப்பட்டது.

சகோதரர்களே, இந்த இரண்டாவது அறிவிப்பைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். புகார் கொடுத்தவர்களின் கவலை பொய்யில்லை. வீட்டின் அந்தரங்கம் ஷரீஅத்தில் மிகப் பெரிய விஷயம். அதனால் உமர் (ரலி) அந்தப் புகாரைத் தூக்கி எறியவில்லை. அதே நேரம் புகார் வந்துவிட்டது என்பதற்காகக் கட்டியவரின் உழைப்பை இடிக்கவும் சொல்லவில்லை. தம் உறவினர் என்பதற்காகக் கண்டுகொள்ளாமலும் விடவில்லை. அளந்து பார்க்கச் சொன்னார்கள். அளப்பதற்கு எடுத்த ஆளும் நடுத்தர உயரம். மிக உயரமானவனை நிறுத்தினால் வீட்டுக்காரருக்கு அநியாயம். குட்டையானவனை நிறுத்தினால் பக்கத்து வீட்டாருக்கு அநியாயம்.

பின்னாளில் வந்த சட்ட அறிஞர்கள் இந்த வழியில்தான் நடந்தார்கள். உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ஹனஃபி சட்டத் தொகுப்பான மஜல்லாவைப் பாருங்கள். ஒருவரின் கட்டடம் பக்கத்து வீட்டாரின் காற்றையோ காட்சியையோ ஓரளவு மறைப்பது தடுக்கக்கூடிய பெரிய தீங்காகாது என்கிறது. வெளிச்சத்தையே முழுவதும் அடைத்துவிடுவது தீங்கு என்கிறது. பெண்கள் புழங்கும் முற்றம், அடுக்களை, கிணற்றடி ஆகியவற்றைப் பார்க்கும்படி ஜன்னல் வைத்தால் அது தீங்கு, அதை நீக்க வேண்டும் என்கிறது. எப்படி நீக்குவது? ஒரு தடுப்புச் சுவரோ பலகை மறைப்போ வைத்தால் போதும், ஜன்னலையே அடைக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. தீங்கைத்தான் நீக்கச் சொல்கிறது, வீட்டைத் தடுக்கச் சொல்லவில்லை.

தமக்கே எதிராக வந்தபோது

பிறருக்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. நம் வாசலுக்கு வழக்கு வரும்போதுதான் தெரியும்.

ஹிஜ்ரி 17-இல் மஸ்ஜிதுந் நபவியில் இடம் போதவில்லை. பள்ளியை விரிவாக்க உமர் (ரலி) முடிவு செய்தார்கள். சுற்றியிருந்த வீடுகளை விலைக்கு வாங்கினார்கள். நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடும் பக்கத்தில் இருந்தது. விலைக்குக் கொடுங்கள், அல்லது வேறிடத்தில் வீடு கட்டித் தருகிறேன், அல்லது ஸதக்காவாகக் கொடுங்கள் என்று மூன்று வழிகளைச் சொன்னார்கள். அப்பாஸ் (ரலி) மூன்றையும் மறுத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். கேட்பவர் அமீருல் முஃமினீன். கேட்பது அல்லாஹ்வின் பள்ளிக்காக. ஆனாலும் வீட்டுக்காரர் மறுத்தபோது இருவரும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை நடுவராக ஏற்றுக்கொண்டு அவரிடம் போனார்கள். உபை (ரலி) கலீஃபாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பைத்துல் முகத்தஸைக் கட்ட நாடிய தாவூத் (அலை) அவர்கள், ஒரு மனிதரின் வீட்டை அவர் மனமின்றி அதில் சேர்க்க எண்ணியபோது அல்லாஹ் கண்டித்த செய்தியைத் தாம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதாக எடுத்துச் சொன்னார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்குள் பறித்த மண் வரக் கூடாது. உமர் (ரலி) ஒதுங்கிக்கொண்டார்கள். தம் உரிமை நிலைநாட்டப்பட்ட பிறகு அப்பாஸ் (ரலி) அந்த வீட்டை முஸ்லிம்களுக்காக இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பள்ளி விரிவாக்கத்துக்காகப் பக்கத்து இடத்தைக் கேட்கலாம், கெஞ்சலாம், நல்ல விலை சொல்லலாம். மறுத்தவரை ஊரைக் கூட்டி நெருக்குவதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. கலீஃபாவுக்கே இருக்கவில்லை.

அதே அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரையில் தண்ணீர் விழும் தூம்பு ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை உமர் (ரலி) ஜும்ஆவுக்கு உடுத்திக்கொண்டு அந்த வழியாக வந்தார்கள். மேலே அறுக்கப்பட்ட கோழிக் குஞ்சுகளின் இரத்தம் கலந்த தண்ணீர் தூம்பு வழியாக அவர்கள் மீது விழுந்தது. பாதையில் போகிறவர்களுக்குத் தொல்லை என்று கண்டு அதைக் கழற்றச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய் உடை மாற்றி வந்து தொழ வைத்தார்கள். தொழுகைக்குப் பிறகு அப்பாஸ் (ரலி) வந்து, அந்த இடத்தில் அதை வைத்தவர் நபி (ஸல்) அவர்கள்தான் என்று சொன்னார்கள். உமர் (ரலி) அதிர்ந்துபோனார்கள். என் முதுகின் மேல் ஏறி நின்று நீங்களே அதைத் திரும்ப வையுங்கள் என்று அப்பாஸிடம் ஆணையிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். அப்படியே நடந்தது. முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தி இது.

அண்டை வீட்டின் ஒரு தூம்பைத் திரும்ப வைக்க, பாரசீகத்தையும் ரோமையும் நடுங்க வைத்த கலீஃபா குனிந்து முதுகு கொடுத்தார்கள். ஆட்சேபனை தவறு என்று தெரிந்தவுடன் அதைத் திரும்பப் பெற அவர்கள் ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாகக் கேட்ட இடம்

ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாத இறுதி. ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) கத்தியால் குத்தப்பட்டார்கள். மரணப் படுக்கையில் தம் மகன் அப்துல்லாஹ்விடம் கடன்களைக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 86,000 இருந்தது. அதைக் குடும்பச் சொத்திலிருந்து அடைக்க வேண்டும், போதாவிட்டால் பனூ அதீயாரிடமும் பிறகு குறைஷியரிடமும் கேட்க வேண்டும் என்று வஸிய்யத் செய்தார்கள். அவர்கள் வஃபாத்தான பின் மஸ்ஜிதுக்கு அருகிலிருந்த அவர்களுடைய வீடு கடனுக்காக விற்கப்பட்டது என்றும், அதனால்தான் அந்த வீட்டுக்குக் கடனடைத்த வீடு என்ற பொருளில் தாருல் கழா என்று பெயர் வந்தது என்றும் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ பேரின் வீட்டுக்கு வழி செய்தவரின் வீடு, வாரிசுகளுக்கு மிஞ்சவில்லை.

பிறகு ஒரே ஓர் ஆசை இருந்தது. நபி (ஸல்) அவர்களுக்கும் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கும் பக்கத்தில் அடங்க வேண்டும். அந்த இடம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீடு. மகனை அனுப்பினார்கள். அமீருல் முஃமினீன் கேட்கிறார் என்று சொல்லாதே, உமர் அனுமதி கேட்கிறார் என்று சொல் என்றார்கள். ஆயிஷா (ரலி) அழுதுகொண்டிருந்தார்கள். அந்த இடத்தைத் தமக்காக வைத்திருந்ததாகவும், இன்று தம்மைவிட உமருக்கு முன்னுரிமை தருவதாகவும் சொன்னார்கள். செய்தி வந்தபோது இதைவிட முக்கியமானது எனக்கு எதுவும் இருக்கவில்லை என்று உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். அதோடு விடவில்லை. என் ஜனாஸாவைத் தூக்கிச் சென்று வாசலில் நின்று மறுபடியும் அனுமதி கேளுங்கள், தந்தால் உள்ளே அடக்குங்கள், மறுத்தால் முஸ்லிம்களின் பொது மையவாடிக்குக் கொண்டு செல்லுங்கள் என்றார்கள். உயிரோடு இருக்கும் கலீஃபாவுக்காக ஒருவேளை தயங்கி ஒப்புக்கொண்டிருக்கலாம், இறந்த பிறகு மனம் மாறினால் அதற்கும் இடம் இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

ஆறடி நிலத்துக்கு இரண்டு தடவை அனுமதி கேட்ட மனிதர் அவர்கள். அந்த இடத்தை ஆசைப்பட்டு வைத்திருந்தும் விட்டுக்கொடுத்தவர் நம் அன்னை.

நாம் செய்ய வேண்டியது

கண்ணியத்திற்குரியவர்களே! நாளை உங்கள் பக்கத்து வீட்டார் ஒரு வரைபடத்தோடு வந்தால், அல்லது அவருக்கு எதிரான மனுவோடு வேறொருவர் வந்தால், உமர் (ரலி) அவர்களின் வாழ்விலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இதனால் எனக்கோ பிறருக்கோ உண்மையான தீங்கு என்ன? பாதை குறுகுகிறதா, கழிவுநீர் என் வாசலுக்கு வருகிறதா, என் வீட்டு அந்தரங்கம் கெடுகிறதா, என் எல்லையில் ஒரு சாண் நுழைகிறதா? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் என்ன காத்திருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். எதுவும் இல்லை, அவர் என்னைவிட ஒரு மாடி உயர்ந்துவிடுகிறார் என்பதுதான் உறுத்துகிறது என்றால், அதற்குப் பெயர் பொறாமை. அதை மனுவில் எழுத முடியாது என்பதால்தான் மனிதன் வேறு காரணங்களைத் தேடுகிறான்.

இரண்டாவது, தீங்கு இருந்தால் வீட்டைத் தடுக்காமல் தீங்கை மட்டும் நீக்க வழி உண்டா? ஜன்னலைக் கொஞ்சம் உயர்த்தலாம். ஒரு மறைப்பு வைக்கலாம். குழாயைத் திருப்பலாம். அலுவலகத்துக்குப் போகும் முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, இதே வீட்டை என் மகன் கட்டினால் இந்த மனுவில் நான் கையெழுத்துப் போடுவேனா? நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். தெரியாத கெடுதிக்குக் கையெழுத்துப் போடுவது பொய்ச் சாட்சியின் வாசலில் நிற்பதாகும்.

இந்த மூன்று கேள்விகளிலும் பக்கத்து வீட்டார் பக்கம் நியாயம் இருக்கிறது என்று கண்டால், சும்மா இருந்துவிடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவருக்காகப் போய் நில்லுங்கள். எனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். ஊர்க் கூட்டத்தில் நான்கு பேர் எதிர்த்துப் பேசும்போது ஒருவராவது எழுந்து, அவர் கட்டட்டும், பக்கத்தில் இருக்கிறவன் நான் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் பக்கத்து வீட்டாராக இருந்தால், மற்றவர்களின் பேச்சு தானாக அடங்கிவிடும்.

அவர் முஸ்லிமா, மாற்று மதச் சகோதரரா என்று பார்க்காதீர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தால், நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வாரிசாக்கி விடுவார்களோ என்று நபி (ஸல்) எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய ஹக்கு அண்டை வீட்டாரின் ஹக்கு. இறைச்சிக்கே அவ்வளவு என்றால், அவர் குடும்பத்தோடு ஒதுங்குவதற்கு ஒரு கூரை எழுப்பும்போது நாம் எங்கே நிற்க வேண்டும்?

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களிலிருந்து பொறாமையை நீக்குவாயாக. எங்களால் எந்த அண்டை வீட்டாருக்கும் தீங்கு வராமல் காப்பாயாக. வீடில்லாதோருக்கு வீடு தருவாயாக, கட்டிக்கொண்டிருப்போரின் வேலையை எளிதாக்குவாயாக. நியாயத்தின் பக்கம் நிற்கும் தைரியத்தை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தருவாயாக. உமர் (ரலி) அவர்களோடு மறுமையில் எங்களை எழுப்புவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஅவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.